தளம் மாறினால் எழுத்து நிலைக்குமா?

கணினி என்னும் பொறிக்கு உடல் வேறு, உயிர் வேறு. கண்ணுக்குத் தெரியும் திரையும் விசைப்பலகையும் அதன் உடல். எழுதியதை வாங்கி வைத்து, வேண்டும்போது எடுத்துத் தரும் இயங்குதளமே அதன் உயிர். பினாங்கிலுள்ள தமிழ்ப்பள்ளிகளிலும் ஆசிரியர் இல்லங்களிலும் நெடுநாளாக வழங்கிவரும் இயங்குதளம் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் ஆகும். அதன் பத்தாம் பதிப்பு 2015ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் வெளிவந்தது. அப்பதிப்பிற்கு அந்நிறுவனம் பொதுவாக அளித்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றன. பதினொன்றாம் பதிப்பிற்கு மாறிக்கொள்க என்பது நிறுவனத்தார் கூறும் அறிவுரை.

இவ்வறிவுரையைக் கேட்கும் தமிழாசிரியர்க்கு இரண்டு ஐயங்கள் எழுதல் இயல்பு. பழைய கணினியில் எழுதி வைத்தவை புதிய தளத்தில் தமிழாகவே தோன்றுமா என்பது ஒன்று. புதிய தளம் அவற்றை உடையவருக்கு மட்டும் காட்டுமா, பிறர்க்கும் காட்டுமா என்பது மற்றொன்று. முன்னது பொருத்தம் பற்றியது. பின்னது அந்தரங்கம் பற்றியது. இரண்டும் வெவ்வேறு எனத் தோன்றினும், ஆராய்ந்து பார்ப்பின் ஒன்றையொன்று தொட்டே நிற்கின்றன.

இந்நாட்டில் தமிழ்க்கல்வியின் வரலாறு, 1816ஆம் ஆண்டு பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து கணக்கிடப்படுகிறது. அவ்வரலாற்றின் அண்மைப் பகுதியில் அச்சேறியது சிறிது. கணினிக் கோப்பாக மட்டும் கிடப்பது பெரிது. வினாத்தாள், பயிற்சி ஏடு, பள்ளி மலர், ஆண்டு விழா நாடகம், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கூட்டக் குறிப்பு எனப் பல வகையாக அவை பழைய கணினிகளில் உறங்குகின்றன. தளம் மாறும் காலத்தில் அவற்றின் கதி யாது என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

தளம் ஏன் மாறுகிறது?

திருத்தங்கள் நின்ற மறுநாளே பழைய கணினி நின்றுவிடுவதில்லை. அது முன்போலவே இயங்கும். ஆயின், அதன் மென்பொருளில் புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதனை அடைப்பார் இல்லை. பூட்டுப் பழுதானதைத் திருடன் அறிந்துகொண்டான். பூட்டுக்காரனோ கடையை மூடிவிட்டான் என்பது போன்றது இந்நிலை. இதற்கு முன்னும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. விண்டோஸ் எக்ஸ்பி 2014ஆம் ஆண்டு ஏப்ரலிலும், விண்டோஸ் 7 2020ஆம் ஆண்டு ஜனவரியிலும் இவ்வாறே கைவிடப்பட்டன.

இம்முறை ஒரு வேறுபாடு உண்டு. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் வெளிவந்த பதினொன்றாம் பதிப்பு, எல்லாக் கணினிகளையும் ஏற்பதில்லை. டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புக் கூறு வேண்டும். அது கடவுச்சாவிகளைத் தனியே பூட்டி வைக்கும் சிறு பெட்டகம் போன்றது. 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் வேண்டும். மையச் செயலி இன்டெல் நிறுவனத்துடையதாயின், ஒரு சில நீங்கலாக, 2017ஆம் ஆண்டில் வரத் தொடங்கிய எட்டாம் தலைமுறையோ அதன் பிற்பட்டதோ ஆதல் வேண்டும். இன்டெல் 1972ஆம் ஆண்டிலேயே பினாங்கில் தொழிற்கூடம் அமைத்த நிறுவனம். பாயான் லெப்பாசின் தொழிலாளர் கைபட்ட சில்லுகள் உலகெங்கும் கணினிகளில் ஓடுகின்றன. அவ்வகைச் சில்லுகளுள் பழையவை இன்று பழுதின்றி ஓடியும் புதிய தளத்தின் வாயிலில் தடுத்து நிறுத்தப்படுகின்றன. இவ்விதிகளால் ஏறத்தாழ 240 மில்லியன் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் எனக் கானலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மதிப்பிட்டது.

உடனே மாற இயலாதார்க்கு ஒரு தவணையும் அறிவிக்கப்பட்டது. வீட்டுப் பயனர்க்கு 2026ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் வரை திருத்தங்கள் நீட்டிக்கப்படும் என்றும், அதற்கு 30 அமெரிக்க டாலர் செலுத்தலாம் என்றும் நிறுவனத்தார் கூறினர். பணம் செலுத்தாமல் பெற ஒரு வழி, மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அந்நிறுவனத்தின் சேமிப்பிடத்தில் படியெடுத்து வைக்க ஒப்புதல். ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்தினர்க்கு இப்படியெடுப்பு நிபந்தனை தளர்த்தப்பட்டது, பிறர்க்குத் தளர்த்தப்படவில்லை. தரவும் ஒரு வகை விலையே என்பது இதனால் தெற்றென விளங்கும்.

கண் படிப்பதும் கணினி படிப்பதும்

1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. கொம்பு சுழித்து எழுதப்பட்ட பழைய லை, ணை முதலியன இன்றுள்ள வடிவம் பெற்றன. பழைய நூல்களை எடுக்கும் மாணவன் முதற் பக்கத்தில் சற்றுத் திகைப்பான். இரண்டாம் பக்கத்தில் படித்துவிடுவான். சொல்லும் பொருளும் எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். மனிதக் கண்ணின் ஆற்றல் அத்தகையது. கணினிக்கு அவ்வாற்றல் இல்லை. அதற்கு எழுத்தின் வடிவம் தெரியாது. எழுத்துக்குரிய எண் மட்டுமே தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்னும் உடன்பாடு மாறிவிட்டால், கணினி எழுத்தறியாததாகி விடுகிறது.

1990களில் தமிழ் எழுதப் பயன்பட்ட எழுத்துருக்களில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதற் பாதி ஆங்கிலத்திற்கும் பொதுக் குறிகளுக்கும் உரியது. எஞ்சிய இடங்களில் தமிழைப் பொருத்த முயன்றவர் ஒவ்வொருவரும் தத்தமக்கு உகந்தவாறு எழுத்துகளை அமர்த்தினர். வேறு சிலர் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழை வைத்தனர். இலங்கைத் தமிழரிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துரு இதற்குத் தக்க சான்று. அதில் எழுதிய ஓர் ஏட்டை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் நிற்கும். கோப்பு அழியவில்லை; ஓர் எண்ணும் குறையவில்லை. படிக்கும் திறவுகோல் மட்டும் தொலைந்துவிட்டது.

இக்குழப்பத்தைத் தீர்க்க மலேசியத் தமிழர் ஆற்றிய பணி சிறிதன்று. முரசு அஞ்சல் மென்பொருளை ஆக்கிய முத்து நெடுமாறன் இந்நாட்டவர். 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரிலும் 1999ஆம் ஆண்டு சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் தமிழ்நாட்டரசால் ஏற்கப்பட்டன. இணைய வழியாகக் கலந்து ஆராய்ந்த அன்பர்கள் திஸ்கி என்னும் மற்றொரு முறையை வகுத்தனர். 2000ஆம் ஆண்டில் உத்தமம் என்னும் உலகத் தமிழ் அமைப்பு தோன்றியது. 2001ஆம் ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

இவற்றினிடையே உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான யுனிகோட் என்னும் ஒருங்குறி முறை வளர்ந்தது. 1991ஆம் ஆண்டில் வந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் தளங்களுள் தமிழ் ஒருங்குறியை முதலில் ஏற்றது விண்டோஸ் 2000. ஒருங்குறியில் ‘க’ என்னும் எழுத்துக்கு எண் 2965. பினாங்கிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் அதுவே எண். கைப்பேசியிலும் அதுவே எண். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் இல்லை என்னும் குறை சொல்லப்பட்டதுண்டு. எனினும், கோவையில் செம்மொழி மாநாடு நிகழ்ந்த 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது.

ஆகவே, ஒருங்குறியில் எழுதிய ஏடுகளைப் பொறுத்தவரை எழுத்துச் சிதைவு பற்றிய அச்சம் வேண்டுவதில்லை. அச்சம் அதற்கு முற்பட்டவற்றைப் பற்றியதே. பழைய எழுத்துருவின் கோப்பு கையிலிருந்தால் அதனைப் பெரும்பாலும் புதிய தளத்திலும் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் பழைய தட்டச்சு மென்பொருளுக்கு அவ்வுறுதி இல்லை. விண்டோஸ் 3.1 காலத்துப் பதினாறு பிட்டு மென்பொருள்கள், பத்தாம் பதிப்பின் 32 பிட்டு வகை வரையில் ஒருவாறு ஓடின. பதினொன்றாம் பதிப்பு 64 பிட்டு வகையாக மட்டுமே வருவதால், அவை அதில் ஓடா. அத்தகைய மென்பொருளில் எழுதி அதன் தனி வடிவிலேயே சேமித்த ஏட்டினை, அம்மென்பொருள் ஓடும் பழைய கணினி இருக்கும்போதே வெளியே எடுத்தல் வேண்டும்.

தளம் எதனைக் காண்கிறது?

இனி இரண்டாம் ஐயத்திற்கு வரலாம். பத்தாம் பதிப்பு வெளிவந்தபோதே அது பயனரைப் பற்றிய செய்திகளை மிகுதியாகத் திரட்டுகிறது என்னும் குறை எழுந்தது. பிரான்சு நாட்டின் தரவுக் காப்பு ஆணையம் 2016ஆம் ஆண்டு ஜூலையில் அந்நிறுவனத்திற்கு அறிவிப்புக் கொடுத்தது. திரட்டும் அளவை நிறுவனம் குறைத்த பின்னர், 2017ஆம் ஆண்டு ஜூனில் அவ்விவகாரத்தை முடித்தது. நெதர்லாந்தின் ஆணையமும் 2017ஆம் ஆண்டு அக்டோபரில், பயனர்க்குத் தெளிவாக அறிவிக்காமல் தரவு திரட்டப்படுகிறது என்று கண்டது. அறிவுடைய அரசுகள் கேட்ட பின்னரே சில மாற்றங்கள் நிகழ்ந்தன என்பது நினைவில் வைக்கத் தக்கது.

பதினொன்றாம் பதிப்பில் கருதத் தக்கவை மூன்று. முதலாவது, கணக்கு. வீட்டு வகைத் தளத்தை முதன்முதல் அமைக்கும்போது இணைய இணைப்பும் மைக்ரோசாப்ட் கணக்கும் கேட்கப்படுகின்றன. இரண்டாவது, படியெடுப்பு. ஒன்டிரைவ் என்னும் தொலைச் சேமிப்பிடத்தில் ஆவணக் கோப்புறைகள் படியெடுக்கப்படலாம்; அமைக்கும் வேளையில் இதனைக் கவனியாது ஒப்புதல் தந்துவிடுவோர் உண்டு. மூன்றாவது, பூட்டு. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வந்த பதிப்பைப் புதிதாக நிறுவும் கணினிகளில் சேமிப்புத்தட்டு தானாகவே மறையாக்கம் பெறக்கூடும். அது திருடனுக்குத் தடை. அதே வேளையில், மீட்புச் சாவி மைக்ரோசாப்ட் கணக்கில் வைக்கப்படுவதால், அக்கணக்கை இழந்தவர்க்கும் தடை.

இவற்றினும் மிகுதியாகப் பேசப்பட்டது ரீகால் என்னும் வசதி. திரையில் தோன்றுவதைச் சில நொடிகளுக்கு ஒரு முறை படம்பிடித்து வைத்து, பின்னர் தேடித் தருவது அதன் வேலை. 2024ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் இஃது அறிவிக்கப்பட்டது. படங்களிலிருந்து எடுத்த செய்திகள் போதிய மறையாக்கமின்றிக் கிடப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர் எடுத்துக்காட்டவே, வெளியீடு தள்ளிவைக்கப்பட்டது. திருத்தங்களுடன் 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்தது. இதன் உண்மை நிலையை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். எல்லாக் கணினிகளிலும் இது இல்லை. கோபைலட் பிளஸ் எனப்படும் உயர்வகைக் கணினிகளில் மட்டுமே உண்டு. உடையவர் இயக்கினால் அன்றி இயங்காது. படங்கள் அக்கணினியிலேயே இருக்கும். நிறுவனத்திற்கு அனுப்பப்படுவதில்லை என்பர். எனினும், சிக்னல் என்னும் செய்திச் செயலியை நடத்துவோர் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் செயலியின் திரையை ரீகால் படம்பிடிக்காதவாறு தடுத்தனர். ஒருவர் தம் கணினியில் இசைந்தால் போதாது. அவருக்கு எழுதுபவரின் சொல்லும் அங்கே பதிவாகின்றதே என்பது கருதத் தக்க வாதம்.

ஆசிரியர் கணினியில் இவ்வாதத்தின் வலிமை இருமடங்காகும். ஒரு மாணவனின் அடையாள அட்டை எண்ணை எடுத்துக்கொள்க. பன்னிரண்டு இலக்கங்களுள் முதல் ஆறும் பிறந்த நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம், பினாங்காயின் 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். அவ்வெண்ணோடு தந்தையின் வருமானமும் தாயின் தொலைபேசி எண்ணும் பிள்ளையின் நோய்க் குறிப்பும் ஒரே பட்டியலில் இருந்தால், ஒரு குடும்பத்தின் நிலை முழுதும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அவற்றைத் தந்த பெற்றோர் பள்ளியை நம்பித் தந்தனர். கணினி நிறுவனத்தை நம்பி அன்று.

மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு நவம்பர் 15 முதல் நடப்பிலுள்ளது. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தரவு கசிந்தால் ஆணையருக்கு அறிவிக்கும் கடப்பாடு 2025ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயின், இச்சட்டம் வணிகத் தொடர்பான செயல்களுக்கே உரியது. கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது. அரசுப் பணியாளர்க்கெனத் தனி ஒழுங்குகள் உண்டு எனினும், வகுப்பறைப் பட்டியலுக்கு அன்றாடக் காவலர் அதனை வைத்திருக்கும் ஆசிரியரே.

இரண்டும் சந்திக்கும் இடம்

பொருத்தமும் அந்தரங்கமும் ஒன்றையொன்று தொடுகின்றன என மேலே கூறப்பட்டது. எங்ஙனம் எனின், பழைய எழுத்துருவில் உள்ளதை ஒருங்குறியாக்கும் இடத்தில்தான்.

அதற்கென இணையத்தில் இலவச மாற்றிகள் பல உள்ளன. பழைய எழுத்தை ஒரு கட்டத்தில் ஒட்டினால் மறு கட்டத்தில் நல்ல தமிழ் வரும். சிலவற்றில் இவ்வேலை பயனரின் கணினியிலேயே நடக்கும். வேறு சிலவற்றில் எழுத்து முழுதும் தொலைவிலுள்ள கணினிக்குச் சென்று திரும்பும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. கவிதையையும் கட்டுரையையும் அங்கே ஒட்டுவதால் தீங்கில்லை. மாணவர் நன்னடத்தை அறிக்கையை ஒட்டினால், படிக்க முடியாமற் கிடந்த ஒன்றைப் படிக்கத் தக்கதாக்கி அயலார் கையில் கொடுத்ததாகிவிடும். என்.எச்.எம். மாற்றி போன்று கணினியிலேயே நிறுவி, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு இயக்கத்தக்க மென்பொருளே இத்தகைய ஏடுகளுக்கு உரியது.

தொலைச் சேமிப்பிடத்தை நம்புவோரும் ஒன்றை உணர்தல் வேண்டும். அது கோப்பின் எண்களைக் காக்கும்; எண்களின் பொருளைக் காக்காது. பாமினியில் எழுதிய வினாத்தாளைப் பத்தாண்டு தொலைவில் வைத்து எடுத்தாலும், எழுத்துரு இல்லையேல் அது ஜே, கே, பி, ஓ என்றுதான் நிற்கும்.

செய்யத் தக்கவை

எல்லாவற்றிற்கும் முற்படச் செய்ய வேண்டியது, பழைய கணினியை அவசரப்பட்டு அகற்றாதிருத்தல். பழைய ஏடுகளைப் படிக்கத் தெரிந்த ஒரே வாசகன் பெரும்பாலும் அக்கணினியே. அதில் உள்ள எழுத்துருக்களைத் தனியே படியெடுத்து, எந்த ஏடு எந்த எழுத்துருவில் உள்ளது என்று ஒரு பட்டியல் எழுதுதல் வேண்டும். முதன்மையான ஏடுகளைத் திரையில் திறந்து பி.டி.எஃப். படிவமாகவும் ஒரு படி எடுத்து வைத்தல் நலம். எழுத்துருவும் உள்ளே பதியுமாறு எடுத்த படியில் வடிவம் மாறாது.

அடுத்தது, ஒருங்குறியாக்கல். இதனைப் பொறியிடமே விட்டுவிடுதல் ஆகாது. பழைய முறைகளில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்றாகப் பதிந்திருக்கும். ஒருங்குறியில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் வரும். இவ்வரிசை மாற்றத்தில் கொம்பு இடம் பெயர்வதுண்டு. ஔகாரக் குறியும் ளகரமும் மயங்குவதுண்டு. ‘கௌ’ என்பது கொம்பும் ககரமும் ளகரமுமாகிக் ‘கெள’ என நிற்கும். கண் இதனைப் பொறுத்துக்கொள்ளும். தேடும் பொறி பொறுத்துக்கொள்ளாது. மாற்றிய ஏட்டை மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்கும் வேலை தமிழறிந்தார்க்கே உரியது. பள்ளி விடுமுறையில் ஆசிரியர் இருவர் சேர்ந்து, ஒருவர் படிக்க ஒருவர் பார்த்தால் ஒரு பள்ளி மலர் விரைவில் மீண்டுவிடும்.

மூன்றாவது, பிரித்து வைத்தல். பாடப் பொருள் வேறு, மாணவர் செய்தி வேறு. முன்னதை எங்கும் பகிரலாம்; பின்னது கல்வி அமைச்சு வகுத்த இடத்திலன்றித் தனிக் கணக்குகளில் இருத்தல் ஆகாது. காலங்கடந்த பெயர்ப் பட்டியல்களை விதிப்படி நீக்கிவிடுதலும் காவலே.

நான்காவது, புதிய தளத்தில் அமைப்புகளைப் பார்த்தல். தனியுரிமை என்னும் பகுதியைத் திறந்து, கூடுதல் பயன்பாட்டுத் தரவு அனுப்புவதையும் விளம்பர அடையாளத்தையும் நிறுத்தலாம். தேவையான அளவு எனக் குறிக்கப்பட்ட தரவை வீட்டு வகைத் தளத்தில் நிறுத்த இயலாது. கூடுதலானதை நிறுத்துதல் பயனர் கையில் உள்ளது. ஒன்டிரைவ் எக்கோப்புறைகளைப் படியெடுக்கிறது என்று நோக்க வேண்டும். ரீகால் இருந்தால் பள்ளிப் பணிக்குரிய கணினியில் அதனை இயக்காதிருத்தல் தக்கது. மீட்புச் சாவியைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்தல் வேண்டும்.

புதிய தளம் ஏற்காத கணினியை உடனே குப்பைக்கு அனுப்ப வேண்டுவதில்லை. லினக்ஸ் வகை இயங்குதளங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பழைய கணினிகள் பலவற்றில் அவை நன்கு ஓடும். தமிழ் ஒருங்குறியும் தமிழ் 99 விசைப்பலகையும் அவற்றில் உண்டு. ஏழை மாணவன் வீட்டில் கட்டுரை எழுத அது போதும். ஆனால் கொடுப்பதற்கு முன் சேமிப்புத்தட்டை முறையாகத் துடைத்தல் வேண்டும். கோப்பை நீக்குதல் என்பது நூலின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. பக்கங்கள் அங்கேயே இருக்கும். துடைக்கும் மென்பொருளைக் கொண்டு முழுதும் அழித்த பின்னரே கணினி பள்ளியை விட்டு வெளியேறுதல் வேண்டும்.

பதினொன்றாம் பதிப்பிற்கும் ஒரு நாள் திருத்தங்கள் நிற்கும். பின் வேறொன்று வரும். ஓலை மட்கும் முன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியவர் இருந்தமையாலேயே பழைய நூல்கள் பிழைத்தன. பெயர்த்தெழுதாத ஓலைகள் செல்லுக்கு இரையாயின. பள்ளிக் கணினிகளில் உறங்கும் ஏடுகளுக்கும் அவ்வேலையைச் செய்வார் வேண்டும். பழைய கணினி ஓடும் வரையில்தான் அதற்குக் காலம் உண்டு. பட்டியல் எழுதும் பணியை அடுத்த விடுமுறைக்குத் தள்ளாமல் இவ்விடுமுறையிலேயே தொடங்குதல் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கடனாகும்.